விலையில்லாக் குடையும் வீட்டுக் கணினியும்



தூத்துக்குடித் துறையில் நின்று கடலை நோக்குவார்க்கு இரு கப்பல்களின் நினைவு எழாமற் போகாது. ஒன்றன் பெயர் காலியா. மற்றதன் பெயர் இலாவோ. ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பதிவுசெய்த சுதேசி நாவாய்க் கழகம், பங்கொன்றுக்கு இருபத்தைந்து உருபாவாக 40,000 பங்குகள் விற்றுப் பத்து இலக்கம் உருபா திரட்ட முனைந்தது. 1907-இல் அவ்விரு கப்பல்களையும் பிரான்சு நாட்டினின்று விலைகொடுத்து வாங்கிக் கொணர்ந்தது. அதுகாறும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தன் கப்பலே கப்பல், தான் கேட்டதே கட்டணம் என்று இருந்த வெள்ளையர் குழுமம் என் செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. பின்னும் குறைத்தது. இறுதியிற் கட்டணமே வேண்டா என்றது. ஏறி வந்தவர் கையில் ஆளுக்கொரு குடையும் கொடுத்தது.

குடை பெற்றவன் மகிழ்ந்தான். வெயிலுக்கும் ஆயிற்று, மழைக்கும் ஆயிற்று என்று எண்ணினான். 1908 மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். கழகமோ 1911-இற் கலைக்கப்பட்டது. அதன்பின் குடை கொடுக்க வேண்டிய தேவை அக்குழுமத்திற்கு இல்லாமற் போயிற்று.

கணினியைப் பற்றி எழுத வந்தவன் கப்பற்கதை சொல்வானேன் என்று கேட்பீராயின், சொல்வேன். இன்று நம் வீடுதோறும் ஒரு குடை வந்து விரிந்து நிற்கின்றது. அதை யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று கேட்பார் இல்லை. தனித்தமிழ் பேசும் நம் வீடுகளிலும் இல்லை. அதுபற்றியே இக்கட்டுரை.

கணினி என்னும் பொறி தானாக ஒன்றும் அறியாது. நாம் தட்டும் எழுத்தை வாங்கித் திரையிற் காட்டுவதும், எழுதியதை வட்டில் வைத்துக் காப்பதும், அச்சுப்பொறிக்கு அனுப்புவதும், பல மென்பொருள்களுக்கும் நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவதும் இயங்குதளம் என்னும் அடிப்படை நிரலின் பணிகள். துறைமுகத்திற்குத் துறைத்தலைவன் எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. எந்தக் கப்பல் எப்பொழுது எந்த மேடையில் அணையலாம் என்று அவனே சொல்வான். அவன் பேசும் மொழியே துறையின் மொழி.

கடையில் நாம் வாங்கும் கணினியில் அத்துறைத்தலைவன் முன்னரே வந்து அமர்ந்திருக்கின்றான். பெரும்பாலும் அவன் மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு. நாம் அவனைத் தேர்ந்தோமா? இல்லை. வேறொருவன் உளன் என்று கடைக்காரர் சொன்னாரா? அதுவும் இல்லை. அவனுக்குரிய விலை கணினியின் விலைக்குள்ளேயே அடங்கிக் கிடத்தலின், விலையில்லாமல் வந்தவன் போலத் தோன்றுகின்றான். இதுதான் யான் சொன்ன குடை.

வேறொருவன் உளன். 1983-இல் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு சுடால்மன் தொடங்கிய குனூ முயற்சியும், 1991-இற் பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் இலினசு தோர்வால்சு எழுதி வெளியிட்ட இலினக்சு என்னும் கருவும் ஒன்றுகூடிப் பிறந்தது கட்டற்ற இயங்குதளம். அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்து அண்டை வீட்டார்க்கு வழங்கலாம். இவற்றைச் செய்யலாம் என்று அதன் உரிமமே சொல்கின்றது. இது யாரோ சிலர் பொழுதுபோக்கிற்கு வைத்திருக்கும் விளையாட்டுப்பொருள் என்று நினைத்துவிட வேண்டா. உலகில் ஆற்றல் மிக்க ஐந்நூறு மீக்கணினிகளைப் பட்டியலிடுவர். 2017 நவம்பர் முதல் அப்பட்டியலில் உள்ள ஐந்நூறும் இலினக்சிலேயே ஓடுகின்றன. நும் சட்டைப்பையில் உள்ள ஆண்டிராய்டு பேசியின் உள்ளே கிடப்பதும் அக்கருவே.

இவ்விரு துறைத்தலைவரையும் ஒரே கணினியில் அமர்த்தலாம் என்பதும், கணினியை முடுக்கும்போதெல்லாம் இன்று யார் என்று நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதும் நம்மிற் பலர்க்குத் தெரியாது. தெரியாது என்றும் சொல்வதற்கில்லை, தெரிந்ததை மறந்தோம். அந்த மறதியின் வரலாற்றைக் கேளுங்கள்.

நடுவணரசின் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் 'பாசு' என்னும் இலினக்சு வகையொன்றை வெளியிட்டது. பெயர் ஆங்கிலத்தொடரின் முதலெழுத்துகளாற் கட்டப்பட்டது. அதுபற்றிய என் வருத்தம் தனி. எனினும் தமிழ் உள்ளிட்ட இந்நாட்டு மொழிகளுக்கு இடம்விட்டு ஆக்கப்பட்ட தளம் அது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாசும் ஆகிய இரண்டும் அருகருகே வைத்தே தரப்பட்டன. எண்ணிப் பாருங்கள்! உழவர் மகனும் உப்பளத்தொழிலாளி மகளும் பரதவர் வீட்டுப் பிள்ளையும் இரண்டு இயங்குதளம் உள்ள பொறியைக் கையில் வாங்கினர். வேறெங்கும் எளிதிற் கிட்டாத வாய்ப்பு அது. அன்று நாம் தமிழாசிரியர்கள் என்ன செய்தோம்? கணினி வந்தது, பிள்ளைகள் கெட்டனர் என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து புலம்பினோம். அப்பொறியைத் திறந்து, இதோ பார், இங்கே தமிழுக்கு ஓர் இடம் உண்டு என்று ஒரு பிள்ளைக்கேனும் காட்டினோமா? யான் காட்டவில்லை. பிறரைக் குறைசொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன்.

2025-ஆம் ஆண்டு நவம்பரில், என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தாள். அவள் தந்தை உப்பளத்திற் கூலிவேலை செய்பவர். மேனிலைப்பள்ளி முடித்தபோது அரசு தந்த மடிக்கணினி அது. இப்போது அவள் ஒரு மீன்வணிகரிடம் கணக்கெழுதித் திங்களூதியம் பெறுகின்றாள். மாலையில் வீட்டிலிருந்தும் எழுதுவாள். அவளுடைய தம்பி அதே பொறியிற் பாடம் படிக்கின்றான். "ஐயா, இது இனி ஆகாது, புதிது வாங்கு என்று கடையிற் சொல்லிவிட்டார்கள். முப்பதாயிரத்துக்கு எங்கே போவேன்?" என்றாள்.

கடைக்காரர் சொன்னதற்குக் கரணியம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-இற்கான காப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்டு நிறுத்திக்கொண்டது. பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பயனர்க்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்புத் தந்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11-ஓ டிபிஎம் 2.0 என்னும் காப்புச்சில்லும் குறித்த தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் உள்ள பொறியிலன்றி முறைப்படி ஏறாது. இவள் பொறி பழையது. திரை உடையவில்லை, விசை தேயவில்லை, வட்டு பழுதுபடவில்லை. ஆயினும் அது செத்துவிட்டது என்று அயல்நாட்டில் யாரோ நாள் குறித்துவிட்டனர்! உயிரோடு இருப்பவனுக்குச் சாவோலை எழுதுவது போன்றதன்றோ இது?

"இதில் பாசு என்று ஒன்று இருந்ததே, எங்கே?" என்று கேட்டேன். "வாங்கிய புதிதிலேயே, அது வட்டில் இடத்தை அடைக்கிறது என்று ஒரு கடையில் எடுத்துவிட்டார்கள் ஐயா" என்றாள்.

இடத்தை அடைக்கின்றதாம்! அன்பர்களே, இவ்வொரு சொல்லில் நம் நிலை முழுதும் அடங்கியிருக்கின்றது. தமிழுக்கென ஒதுக்கிய இடம் நமக்கு இடைஞ்சலாகத் தோன்றுகின்றது. பாடத்திட்டத்தில் தமிழ் இடத்தை அடைக்கின்றது. கடைப்பலகையில் தமிழ் இடத்தை அடைக்கின்றது. கணினி வட்டிலும் தமிழ் இடத்தை அடைக்கின்றது!

அப்பொறியில் நினைவகம் 4 கிகாபைட்டு இருந்தது. அவளுடைய கணக்கு மென்பொருளோ விண்டோசில் மட்டுமே ஓடுவது. அதை அழித்தால் அவள் பிழைப்புப் போகும். வைத்துக்கொண்டு இணையத்திற் சென்றால் காப்பில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் தம்பியும் அருகிருக்க, விண்டோசை ஒரு பக்கம் ஒடுக்கி, இலினக்சு மின்டு என்னும் வகையை மறுபக்கம் ஏற்றினோம். கணக்கு எழுதும்போது மட்டும் விண்டோசு, அதுவும் இணையம் இன்றி. ஏனைய அனைத்திற்கும் இலினக்சு. செலவு ஒரு விரலியின் விலை. முப்பதாயிரம் மிச்சம். பொறியின் முகப்பில் தமிழ் தோன்றியபோது அந்தப் பையன் "இது நம்ம எழுத்து!" என்றான். ஐம்பது அகவை கடந்த யான் அன்று தலைகுனிந்தேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை அன்றல்லவா சொல்லிக்கொடுத்தேன்!

இனி, இதை மறுப்பார் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"அயலாருடையதை அடியோடு அழித்துவிட வேண்டியதுதானே? ஒரு வீட்டில் இரண்டு எதற்கு? இது கலப்படம் அன்றோ?" என்பார் நம்முள் வெம்மை மிக்க இளையர். தம்பி, நின் வெம்மை நன்று. வேண்டாத வீட்டில் அழித்துவிடு. யான் தடுப்பேன் அல்லேன். ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு மென்பொருளுக்கு நீ விடை சொல்ல வேண்டும். சிதம்பரனார் வெள்ளையன் கப்பலைக் கொளுத்தவில்லை. அதே துறையில், அதே கடலில், அதன் பக்கத்திலேயே தன் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். தேர்ந்துகொள்ளும் உரிமையை மக்களுக்குத் தந்தார். அவ்வொன்றையே அவர்களாற் பொறுக்க முடியவில்லை. ஒரு கப்பல் மட்டும் நிற்கும் துறையில் பயணிக்கு உரிமை இல்லை. இரண்டு நின்றால் உரிமை உண்டு. சொற்கலப்பு வேறு; தேர்வுரிமை வேறு.

"இலினக்சும் வெளிநாட்டான் செய்ததுதானே? அதை மட்டும் தமிழ் என்று கொண்டாடுவது என்ன முறை?" என்பார் அறிவுடையார். நல்ல கேள்வி. காலியாவும் இலாவோவும் எங்கே கட்டப்பட்டவை? தூத்துக்குடியிலா? அல்ல. ஆயினும் அவற்றின் உடைமை நம்மிடம் இருந்தது. எங்கே செல்ல வேண்டும், என்ன கட்டணம் என்று முடிவுசெய்யும் ஆணை நம்மிடம் இருந்தது. அச்சுப்பொறியும் அயலார் கண்டதே. அதற்காக நாம் ஓலையே போதும் என்று இருந்தோமா? எழுத்தை நாம் வார்த்தோம். நூலை நாம் அச்சிட்டோம். பொறி எங்குப் பிறந்தது என்பதன்று வினா. அதைத் திறந்து திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்பதே வினா.

"விண்டோசிலும் தமிழ் உண்டே! அதன் முகப்பையும் தமிழில் மாற்றலாம். 2019 முதல் தமிழ்99 விசைப்பலகையும் அதனுள்ளேயே வருகின்றதே!" என்பார் இன்னொருவர். உண்மை, மறைக்க வேண்டுவதில்லை. அதைப் பயன்படுத்துவோர் பயன்படுத்துக. ஆயினும் ஒன்று கேட்கின்றேன். அதன் முகப்பில் 'ரத்துசெய்' என்று ஓர் அரபுச்சொல் நிற்கக் கண்டால் என் செய்வீர்? அந்நிறுவனத்திற்கு வேண்டுகை எழுதுவீர், அவர் மனம் வைத்தால் மாறும், வையாவிடில் மாறாது. கட்டற்ற தளத்திலும் அத்தகைய சொற்கள் உள; பிழையும் உள; பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் நிற்கும் இடங்களும் உள. ஆனால் அங்கே 'ரத்துசெய்' என்பதைக் 'கைவிடு' என்று திருத்த வேண்டின் நீரே திருத்தலாம். நிரலின் ஆங்கிலத்தொடர் ஒரு வரியிலும் அதன் தமிழ் அடுத்த வரியிலுமாக எழுதிய எளிய கோப்புகள் அவை. நிரல் எழுதத் தெரிய வேண்டா. தமிழ் தெரிந்தாற் போதும். திருத்தியதை மொழிபெயர்ப்புக் குழுவிற்கு அனுப்பினால், அவர் சரிபார்த்து ஏற்பின், அடுத்த பதிப்பில் உலகெங்கும் உள்ள தமிழர் திரையில் அச்சொல் தோன்றும். கேடியீ, குனோம், இலிபர்ஆபீசு என்னும் பெருந்திட்டங்கள் அனைத்திலும் தமிழுக்கு இடம் திறந்தே கிடக்கின்றது.

புலவர் பெருமக்களே! கலைச்சொல் ஆக்கித் தாளில் எழுதி, அத்தாளை நம் இதழிலேயே அச்சிட்டு, நாமே படித்து மகிழ்ந்த காலம் போதும். நீவிர் ஆக்கிய சொல்லைத் திண்டுக்கல்லிற் பிறந்த சிறுவனும் யாழ்ப்பாணத்துச் சிறுமியும் கோலாலம்பூர்க் கணக்கரும் நாள்தோறும் அழுத்தும் பொத்தானில் ஏற்றும் வாய்ப்புக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கின்றது. அத்தமிழாக்கங்களிற் சொல் கோணலாய் இருக்கின்றதே என்று எள்ளுகின்றீர். அது யார் குற்றம்? இரவில் உறக்கம் விட்டு ஊதியமின்றி மொழிபெயர்த்த இளைஞன் குற்றமா? இலக்கணம் அறிந்தும் கைகட்டி இருந்த நம் குற்றமா?

நாம் கைகட்டி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று முன்னமே உண்டு. ஒருங்குகுறி என்னும் உலகக் குறிமுறையில் நம் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது, இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவென வகுத்த முன்னைய குறிமுறையையே அடியாகக் கொண்டனர். அதன்படி 'க' என்பது ஒரு முழு எழுத்து. 'க்' என்பதோ அந்தக் ககரத்தின்மேல் ஒரு புள்ளியை ஒட்டிப் பெறும் கூட்டு. தொல்காப்பியர் வகுத்த முறை என்ன? மெய் தனித்து நிற்பது. அதன்மேல் அகரம் ஏறியே ககரம் ஆவது. அடிப்படையையே தலைகீழாக்கிய குறிமுறையில் இன்று உலகம் முழுதும் தமிழ் எழுதப்படுகின்றது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குகுறியோடு டேசு16 என்னும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் வழக்கில் வென்றது முன்னதே. உலகமே பழகிவிட்ட பின் மாற்றுதல் அரிது. முடிவெடுக்கும் அவையில் இல்லாதவனுக்காகப் பிறர் முடிவெடுப்பர். இயங்குதளச் சொற்களிலும் அதே கதை நிகழ வேண்டுமா?

"இதெல்லாம் இளையோர்க்கு, எமக்கு வராது" என்று ஒதுங்குவார்க்கு முறையைச் சுருங்கச் சொல்வேன். கல்லூரியில் இலக்கியம் படித்த யான் கற்றுக்கொண்டேன் எனின், எவரும் கற்கலாம்.

முதற்கண், நும் கோப்புகள் அனைத்தையும் ஒரு புறவட்டிற் படியெடுத்து வைக்க. இதைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்க வேண்டா. முத்துக்குளித்துறையில் மூழ்குவான் கயிறின்றி இறங்கியதில்லை. கயிற்றின் மறுமுனையைப் படகிற் பிடித்திருப்பவன் அவன் மனைவியோடு உடன்பிறந்தவன். உடன்பிறந்தாள் தாலிக்கு ஊறு நேர விடான் என்னும் நம்பிக்கை. 1961-இற்குப் பின் அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை. ஆயினும் அப்பாடம் பழையதாகவில்லை. படி எடுத்து வைத்தலே கயிறு.

இரண்டாவது, தேர்வு. நினைவகம் 2 முதல் 4 கிகாபைட்டு உள்ள பழம்பொறிக்கு எக்சுஎப்சீ என்னும் மெலிந்த முகப்புடைய மின்டோ தெபியனோ பொருந்தும். 8 கிகாபைட்டு இருப்பின் உபுண்டு முதலிய எதுவும் ஓடும். நடுவணரசின் பாசும் தெபியனை அடியாகக் கொண்டதே. விரலியில் ஏற்றி, வட்டைத் தொடாமல், விரலியினின்றே ஓட்டிப் பார்க்கும் வழி உண்டு. ஒலி வருகின்றதா, கம்பியில்லா இணையம் கிட்டுகின்றதா, அச்சுப்பொறி இசைகின்றதா என்று முதலில் நோக்குக. பெண் பார்க்காமல் மணம் பேச வேண்டா.

மூன்றாவது, இடம் ஒதுக்கல். விண்டோசு முன்னும் இலினக்சு பின்னுமாக ஏற்றுதலே எளிது. பின்னது முன்னதைக் கண்டு தன் தொடக்கப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும். முன்னது பின்னதைக் கண்டுகொள்ளாது. விண்டோசினுள் இருக்கும் வட்டு மேலாண்மைக் கருவியாலேயே அதன் பகுதியை ஒடுக்கி, நாற்பது கிகாபைட்டேனும் வெற்றிடம் விடுக. விண்டோசின் 'விரைவுத் தொடக்கம்' என்னும் ஏற்பாட்டை நிறுத்துக. அஃது இருப்பின் விண்டோசு முழுதும் அணையாமல் அரைத்துயிலில் கிடக்கும். அப்போது இலினக்சு அப்பகுதியில் எழுதினால் கோப்பு கெடும். வட்டு பிட்லாக்கர் பூட்டில் இருப்பின் அதன் மீட்புத்திறவை முன்னரே குறித்து வைக்க.

நான்காவது, ஏற்றியபின். கணினியை முடுக்கியதும் கிரப் என்னும் தொடக்க நிரல் ஒரு பட்டியலைக் காட்டும். எதைத் தேர்கின்றீரோ அது எழும். சிலபோது விண்டோசின் பெரிய புதுப்பிப்பிற்குப் பின் அப்பட்டியல் தோன்றாமற் போகலாம். அஞ்ச வேண்டா, அதே விரலியால் மீட்கலாம். ஒரு தளத்தினின்று மறுதளத்திற்கு மாறினாற் கடிகாரம் ஐந்தரை மணி பிசகிக் காட்டுவதும் உண்டு. பொறியின் கடிகாரத்தை விண்டோசு உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. இலினக்சு உலகப் பொதுநேரமாகக் கொள்கின்றது. நமக்கும் அதற்கும் இடைவெளி ஐந்தரை மணி. ஏதேனும் ஒன்றை மற்றதற்கு இசைவித்தால் தீரும். வட்டைப் பிரிக்க அஞ்சுவார்க்கு வேறு வழியும் உண்டு. வர்ச்சுவல்பாக்சு போன்ற மென்பொருளைக் கொண்டு, ஒரு தளத்தின் உள்ளேயே ஒரு பலகணியில் மற்றொரு தளத்தை ஓட்டலாம். அதற்கு நினைவகம் 8 கிகாபைட்டேனும் வேண்டும்.

ஐந்தாவது, தலையாயது. தொடக்கப் பட்டியலில் தமிழ்முகப்புள்ள தளத்தை முதலில் வைக்க. நீவிர் ஒன்றும் தேராமல் வாளா இருந்தால் தானாக எழுவது எதுவோ, அதுவே அவ்வீட்டின் இயல்பு. இரண்டாவதாக வைத்தது நாளடைவிற் பட்டியலிலேயே தங்கிவிடும். பாசுக்கு நேர்ந்தது அதுவே.

தமிழ்முகப்பு வந்துவிட்டால் மட்டும் போதுமா? விரலிலும் தமிழ் வேண்டும். தமிழ்ப்பற்று மிக்க அன்பர்கள் சிலர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளால் தட்டித் திரையில் தமிழாக்குகின்றனர். இன்னும் சிலர் ஆங்கில எழுத்திலேயே அனுப்பியும் விடுகின்றனர். இக்கடற்கரை வரலாற்றை அவர்க்கு நினைவூட்டுவேன். 1554-இல் இலிசுபன் நகரில் ஒரு தமிழ்நூல் அச்சாயிற்று. சொல் தமிழ்; எழுத்தோ உரோமன். எத்தனை தமிழர் அதைப் படித்தனர்? புன்னைக்காயலில் வாழ்ந்த போர்ச்சுகீசியத் துறவி அண்டிரிக் அடிகளார் அதனொடு அமையவில்லை. தமிழெழுத்தையே வார்த்து 1578-இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று; 1586-இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அயல்நாட்டுத் துறவி ஒருவர் தமிழனுக்குத் தமிழெழுத்திலன்றிச் சென்று சேராது என்று அன்றே உணர்ந்தார். நாமோ 1578-ஐ விட்டு 1554-இற்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றோம்!

தமிழ்99 விசைப்பலகை 1999-இல் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கே தட்டு. இடையில் வரும் புள்ளியை அதுவே இடும். பத்து நாள் பழகினாற் கை பழகும். இலினக்சில் ஐபசு என்னும் உள்ளீட்டுக் கருவியில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். எழுத்தை உயிரும் மெய்யுமாக எண்ணித் தட்டுபவன் தன்னையறியாமலே ஒவ்வொரு நாளும் தமிழிலக்கணம் பயில்கின்றான்.

நம் அண்டையில் உள்ள கேரளத்தைப் பாருங்கள். தம் அரசுப்பள்ளிகளின் கணினிகளைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கட்டற்ற தளத்திற்கு மாற்றிக்கொண்டனர்; ஆசிரியர்களைப் பயிற்றினர்; தமக்கெனத் திருத்திய பதிப்பை வைத்திருக்கின்றனர். நடுவணரசின் பாதுகாப்பு அமைச்சகமும் தன் இணையக் கணினிகளில் விண்டோசுக்கு மாற்றாக உபுண்டு வழிவந்த 'மாயா' என்னும் தளத்தை ஏற்றுவதாக 2023-இற் செய்தி வந்தது. படைத்துறைக்குத் தேவையான எச்சரிக்கை பள்ளித்துறைக்குத் தேவையில்லையா? நாட்டைக் காப்பவனுக்கு உள்ள கவலை மொழியைக் காப்பவனுக்கு வேண்டாவா?

அன்பர்களே, யான் கேட்பது பெரிதன்று. நும் வீட்டில் ஓர் அலமாரியிலோ பரணிலோ பழைய மடிக்கணினி ஒன்று தூசுபடிந்து கிடக்கும். மகன் படிக்கும்போது அரசு கொடுத்தது. அல்லது மகள் புதிது வாங்கியபின் ஒதுக்கியது. எடைக்குப் போட எண்ணியிருப்பீர். போடாதீர். அதைக் கீழே இறக்குக. இவ்விதழ் நும் கைக்கு வந்த இத்திங்களுக்குள் அதில் இரண்டாவது தளம் ஒன்றை ஏற்றுக. முகப்பைத் தமிழாக்குக. அதிற் கண்ட முதற் பிழைச்சொல்லைத் திருத்தி மொழிபெயர்ப்புக் குழுவிற்கு அனுப்புக. பின்பு அப்பொறியை, வாங்க இயலாத ஒரு மாணவனிடம் கொடுக்க.

அந்தப் பெண்ணின் தம்பி சென்ற கிழமை என்னிடம் வந்தான். "ஐயா, இதில் ஓரிடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது, எப்படித் திருத்துவது?" என்று கேட்டான். உப்பளத்தில் உழைப்பவர் மகன். ஒன்பதாம் வகுப்பு மாணவன். உலகத்தமிழர் திரைக்கான சொல்லைத் திருத்த வந்திருக்கின்றான். குடை கொடுத்தவன் கப்பலில் ஏறியவன் அக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். கேட்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. கப்பல் தன்னுடையது என்று அறிந்தவனே அதில் ஓட்டை எங்கே என்று தேடுவான்.

சிதம்பரனாரின் கப்பல்கள் இன்று இல்லை. துறைமுகத்திற்கு அவர் பெயர் உண்டு. பெயரோடு நின்றுவிடுவோமா? வீடுதோறும் ஒரு துறை இருக்கின்றது. இரண்டு கப்பல் நிற்க அங்கே இடமும் இருக்கின்றது. இரண்டாவதை நிறுத்துவோம். அதை முதலாவதாக்குவோம்!